ஏரிக்கு நாலு முறை போங்கள்

(செங்கல்பட்டில் வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில், புரட்டாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆற்றிய உரை)



"விடுமுறை நாளும் குழந்தைகளும்" என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். அகலமான தலைப்பு. இதற்குள் எதையும் பேசலாம். நான் ஒன்றே ஒன்றைத்தான் பேசப் போகிறேன். பத்து இடங்களுக்கு ஒவ்வொரு முறை போவதை விட்டுவிட்டு, பக்கத்தில் இருக்கும் ஓர் இடத்துக்குப் பருவத்துக்கு ஒருமுறை போங்கள். வருஷத்துக்கு நாலு முறை. அதே இடம், அதே குழந்தை. அவ்வளவுதான் என் பேச்சு. மீதி எல்லாம் இதற்கு விளக்கம்.

சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் எந்த வீட்டிலும் ஒரு கேள்வி வருகிறது. "நாளைக்கு எங்கே போகலாம்?" கேட்டதும் கைகள் போனுக்குப் போகின்றன. போன் ஒரு பட்டியல் கொடுக்கிறது. அந்தப் பட்டியலுக்கு மாதம் தெரியாது. சித்திரையில் கேட்டாலும் அதே மாமல்லபுரம், கார்த்திகையில் கேட்டாலும் அதே மாமல்லபுரம். கடைசியில் வெயில் தாங்காமல் எல்லோரும் ஏசி போட்ட மாலுக்குள் நுழைந்து, ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்து, ஆயிரம் ரூபாய் செலவழித்து, தலைவலியோடு திரும்பி வருகிறோம். கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டுப் பாருங்கள். "இப்போது அங்கே என்ன நடக்கிறது?" நம் பாட்டிமார்கள் இந்தக் கேள்வியைத்தான் கேட்டார்கள்.

அவர்கள் ஊர் சுற்றவில்லை என்றா நினைக்கிறீர்கள்? நன்றாகவே சுற்றினார்கள். காணும் பொங்கல் என்ன? குடும்பம் மொத்தமும் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு வெளியே கிளம்புகிற நாள். அது ஏன் தை மாதத்தில் வருகிறது? அறுவடை முடிந்திருக்கிறது, கையில் நாலு காசு இருக்கிறது, ஏரியில் தண்ணீர் இருக்கிறது, வெயில் முதுகில் பட்டால் இதமாக இருக்கிறது. குழந்தையை வெளியே கூட்டிப் போக இதைவிட நல்ல நாள் வருஷத்தில் உண்டா? சித்ரா பௌர்ணமி என்ன? பகலெல்லாம் அனல், வீட்டுக்குள் புழுக்கம். ராத்திரி நிலவு வந்ததும் ஆற்று மணலுக்குப் போய் வட்டமாக உட்கார்ந்து நிலாச்சோறு சாப்பிட்டார்கள். கோடைக்கு ஏற்ற நேரம் ராத்திரி என்று யாரும் அவர்களுக்கு வகுப்பு எடுக்கவில்லை.

ஆடிப்பெருக்கை எடுத்துக்கொள்ளுங்கள். குடகு மலையில் தென்மேற்குப் பருவமழை கொட்டுகிறது. மேட்டூர் நிரம்புகிறது. ஜூன் 12 மேட்டூர் திறப்பதற்கென்று வழக்கமாக வைத்திருக்கும் நாள். அந்தத் தண்ணீர் திருச்சி, தஞ்சாவூர், கும்பகோணம் என்று வாய்க்கால் வாய்க்காலாகப் பரவி, ஆடி பதினெட்டில் படித்துறைகளைத் தொடுகிறது. தேங்காய் சாதம், எலுமிச்சம்பழ சாதம், புளிசாதம், தயிர்சாதம் என்று தூக்குகளில் எடுத்துக்கொண்டு ஊரே கரைக்கு வருகிறது. சின்னப் பிள்ளைகள் மரத்தில் செய்த சப்பரத்தைக் கயிறு கட்டித் தெருவில் இழுத்துக்கொண்டு வருகிறார்கள். மழை எங்கோ பெய்து, வெள்ளம் இங்கே வந்திருக்கிறது என்பதை அந்தக் குழந்தை கால் நனைத்துத் தெரிந்துகொள்கிறது. பூகோளப் பாடம் அது. பரீட்சை இல்லாத பாடம்.

நமக்குக் காவிரி இல்லை. நம் செங்கல்பட்டுக்கு என்ன இருக்கிறது? ஏரி இருக்கிறது. ரயில் ஊருக்குள் நுழையும்போதே ஜன்னலோரத்துக் குழந்தை கொளவாய் ஏரியைத்தான் முதலில் பார்க்கிறது. எந்தப் பக்கம் பத்து கிலோமீட்டர் போனாலும் ஓர் ஏரிக்கரை வந்து நிற்கும். நம் பக்கத்து மழையில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்று கொண்டு வருவது. அந்த ரெண்டு மாத மழையைப் பிடித்து வைத்து வருஷத்தை ஓட்டத்தான் இவ்வளவு ஏரிகளை வெட்டி வைத்தார்கள். அதனால் ஏரி மாதத்துக்கு மாதம் ஆள் மாறிப் போகும். அதைத்தான் குழந்தைக்குக் காட்டச் சொல்கிறேன்.

வேடந்தாங்கலை எடுத்துக்கொள்கிறேன். "நாங்கள் பார்த்துவிட்டோமே" என்று இங்கே பாதிப் பேர் மனசுக்குள் சொல்வது கேட்கிறது. எந்த மாதம் பார்த்தீர்கள்? மற்ற மாதங்களில்?

முதலில் ஊர்க்கதை. 1798-ஆம் வருஷம். அப்போது லயனல் பிளேஸ் என்ற வெள்ளைக்காரர் இங்கே கலெக்டர். பட்டாளத்துச் சிப்பாய்கள் வேடந்தாங்கல் ஏரிப் பறவைகளைச் சுட்டார்கள் என்று சொல்லி, ஊர் ஜனங்கள் கலெக்டரிடம் போய் நின்றார்கள். பறவைகளைப் பாதுகாக்கும் உரிமையை எழுத்தில் வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். எதற்கு? பறவை மேல் கருணையா? கருணையும் இருந்திருக்கும். ஆனால் அவர்கள் விவசாயிகள். பறவை எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் வயலுக்குப் பாய்ந்தால் தழைச்சத்து தானாக வருகிறது, உரம் போட வேண்டியதில்லை என்று அவர்களுக்குத் தெரியும். நைட்ரஜன் என்ற பெயர் தெரியாது, நெல் கறுத்து வளர்வது தெரியும். இன்றைக்கும் அந்த ஊரில் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. அந்த ஊர்க் குழந்தைகள் கம்பி மத்தாப்போடு நிறுத்திக்கொள்கிறார்கள். 2022-ல் ஈரநிலங்களைக் காக்கும் உலக நாடுகளின் ராம்சார் ஒப்பந்தப் பட்டியலில் வேடந்தாங்கலும் பக்கத்துக் கரிக்கிலியும் சேர்ந்தபோது நாம் பெருமைப்பட்டோம். அந்தப் பெருமையில் பெரிய பங்கு அந்தக் குழந்தைகளுக்குப் போக வேண்டும்.

(அதே கலெக்டர் பிளேஸ்தான் மதுராந்தகம் ஏரிக்கரை உடையப்போகிற மழை இரவில் ராமரும் லட்சுமணரும் வில்லோடு காவல் நிற்பதைப் பார்த்ததாகக் கதை. அங்கே சாமி இன்றைக்கும் ஏரி காத்த ராமர்தான். பறவையையும் காப்பாற்றி, சாமியையும் பார்த்த ஒரு கலெக்டர்! இந்தக் கதையைக் குழந்தையிடம் பேருந்தில் போகும்போது சொல்லுங்கள். வழி தெரியாமல் போகும்.)

இப்போது பறவைக்கு வருவோம். கார்த்திகை பிறந்து ஏரி நிரம்பி, தண்ணீருக்குள் நிற்கும் கடப்ப மரங்களின் கிளைகள் மட்டும் வெளியே தெரிகிற நேரம். நாரைகள் வந்திறங்கத் தொடங்கும். மத்தியானம் போகாதீர்கள். அந்த நேரத்தில் பறவைகளில் பெரும்பாலானவை இரை தேடி வயல்களுக்குப் போயிருக்கும். வெயிலில் நீங்கள் நிற்பீர்கள், குழந்தை அழும். விடிகாலையில் போங்கள், அல்லது மூன்று மணிக்கு மேல் போய் உட்காருங்கள். நாலரை, ஐந்து மணிக்கு நாலு திசையிலிருந்தும் கூட்டம் கூட்டமாகத் திரும்பி வரும். அந்த ஒரு மணி நேரம் எந்தக் குழந்தையும் போன் கேட்காது.

ஒரு விண்ணப்பம். முதல் தடவை ஒரே ஒரு பறவையைக் காட்டுங்கள். கூழைக்கடா, கரண்டிவாயன், பாம்புத்தாரா, அரிவாள் மூக்கன், வக்கா என்று பலகையில் உள்ள அத்தனை பெயரையும் பிள்ளை ஒப்பிக்க வேண்டும் என்று நிற்காதீர்கள். அது இன்னொரு டியூஷன். நத்தைக்குத்தி நாரையை மட்டும் காட்டுங்கள். ஏன் அதை? அதன் அலகைப் பாருங்கள். மேல் அலகும் கீழ் அலகும் நுனியில் சேர்ந்திருக்கும், நடுவில் ஒட்டாது. பைனாகுலரில் பார்த்தால் அலகின் நடு வழியாக அந்தப் பக்கத்து ஆகாயம் தெரியும். குழந்தை கேட்கும், "ஏன் அதுக்கு வாய் மூடலை?" கேட்கட்டும். பதிலை அன்றைக்கே சொல்லாதீர்கள்.

மாசியில் மறுபடி கூட்டிப் போங்கள். இப்போது கூட்டில் குஞ்சுகள். மரம் முழுக்கச் சத்தம், ஊரெல்லாம் எச்ச நாற்றம். "சீ!" என்று மூக்கைப் பொத்தும் குழந்தையிடம், இந்த நாற்றத்துக்காகத்தான் 1798-ல் கலெக்டரிடம் போனார்கள் என்று சொல்லுங்கள். அப்புறம் நத்தைக்குத்திக் குஞ்சின் அலகைப் பார்க்கச் சொல்லுங்கள். குஞ்சுக்கு அலகு நேராக இருக்கும், நடுவில் இடைவெளியே இருக்காது! வளர வளரத்தான் அந்த இடைவெளி வரும். கார்த்திகையில் பார்த்த குழந்தைக்குத்தான் மாசியில் இது ஆச்சரியம். மாசியில் மட்டும் போனவருக்கு அது இன்னொரு குஞ்சு. என் பேச்சு முழுவதற்கும் இந்த ஒரு அலகு போதும்.

பதில் எங்கே கிடைக்கும்? வைகாசி, ஆனியில் கிடைக்கும். அதற்கு வேடந்தாங்கல் வேண்டாம், உங்கள் ஊர் ஏரியே போதும். தண்ணீர் வற்றிய ஏரி. "அங்கே என்ன இருக்கு, ஒண்ணுமில்லையே" என்பார்கள். இறங்கி நடந்து பாருங்கள். களிமண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். ஓரங்களில் உருண்டையாக நத்தை ஓடுகள், கை நிறையப் பொறுக்கலாம். நாரை கொத்தித் தின்றுவிட்டுப் போட்டவையும் அவற்றில் இருக்கும். அலகு நுனியை ஓட்டுக்குள் விட்டு, சதையை அறுத்து வெளியே இழுக்கிற வேலை அதனுடையது. வழுக்கும் உருண்டை நத்தையைப் பிடிக்க அந்த அலகு தோதாக இருக்கிறது. ஓட்டைக் கையில் வைத்துக்கொண்டு குழந்தையே சொல்லும். சொல்லாவிட்டாலும் ஒன்றும் குறைந்துவிடவில்லை. ஓட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வரட்டும்.

தண்ணீரில் மூழ்கிக் கிடந்த மதகை அடி வரைக்கும் பார்க்க அப்போதுதான் முடியும். வண்டல் ஏற்றுகிற டிராக்டர் நிற்கும். ஆடு மேய்க்கிற தாத்தா ஒருவர் இருப்பார். எந்த வருஷம் ஏரி உடைந்தது, எந்த வருஷம் வறண்டது என்று அவரிடம் கேளுங்கள். திரும்பும்போது கரைப் பனைமரத்தடியில் நுங்கு வெட்டிக் கொடுப்பார்கள். கட்டைவிரலை விட்டு நுங்கைத் தோண்டிச் சாப்பிடத் தெரியாத பிள்ளைகள் வளர்கிறார்கள் நண்பர்களே. ஸ்பூன் கேட்கிறார்கள்!

கடற்கரைக்கும் இதே கணக்குத்தான். கடற்கரை என்றால் நமக்கு பஜ்ஜி, பலூன், குதிரை. தை முதல் பங்குனி வரை அதே மணலில் நடு ராத்திரியில் பங்குனி ஆமை கரையேறுகிறது. நூறு முட்டை அளவுக்கு இட்டு, மண்ணைத் தள்ளி மூடி, திரும்பிப் பார்க்காமல் கடலுக்குப் போய்விடுகிறது. சென்னையில் 1988 முதல் மாணவர்களும் தன்னார்வலர்களும் பெசன்ட் நகர், நீலாங்கரைப் பக்கம் ராத்திரி ராத்திரியாக நடந்து அந்த முட்டைகளைச் சேகரித்துப் பாதுகாப்பான குழிகளில் வைக்கிறார்கள். வனத்துறையும் செய்கிறது. ஏறக்குறைய ஐம்பது நாளில் குஞ்சு வெளிவரும். மணலின் சூடு அதிகமானால் பெண் குஞ்சுகள் அதிகம், குறைந்தால் ஆண் குஞ்சுகள் அதிகம்.

சின்னப் பிள்ளைகளை நடு ராத்திரி நடைக்கு இழுத்துப் போக வேண்டாம். அது காலேஜ் பிள்ளைகளுக்கு. பங்குனி, சித்திரைச் சாயங்காலங்களில் குஞ்சுகளைக் கடலில் விடுவார்கள், அதற்குக் கூட்டிப் போங்கள். உள்ளங்கை அளவுகூட இல்லாத உயிர், அலை வந்து புரட்டிப் போட, மறுபடி எழுந்து கடலைப் பார்த்தே நகரும். டார்ச் அடிக்காதீர்கள். போன் வெளிச்சம்கூட வேண்டாம். வெளிச்சம் இருக்கிற பக்கம்தான் கடல் என்று அந்தக் குஞ்சு நம்பும். உங்கள் போட்டோவுக்காக அது வழி தப்பிப் போகும். 2025 ஜனவரியில் இதே கரையில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கினவே, அதையும் குழந்தையிடம் மறைக்க வேண்டாம். இழுவலையில் சிக்கினால் மூச்சு விட மேலே வர முடியாமல் ஆமை மூழ்கிச் சாகும் என்று சொல்லலாம். ஏழு வயசுப் பிள்ளைக்கு அது புரியும்.

சரி, பருவம் "வா" என்று மட்டும்தான் சொல்லுமா? "வராதே" என்றும் சொல்லும். அதைக் கேட்காமல் போனால் என்ன ஆகும்?

2018 மார்ச் 11, தேனி மாவட்டம் குரங்கணி. மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி, இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். மாசி, பங்குனியில் மலைச்சரிவுப் புல் காய்ந்து பொரிந்து கிடக்கும். அது தீயின் பருவம். 2024 மே 17, பழைய குற்றாலம். குளித்துக்கொண்டிருந்தவர்கள் தலைக்கு மேல் திடீர் வெள்ளம். ஒரு மாணவன் அடித்துச் செல்லப்பட்டான். அருவிக்கு வருகிற தண்ணீர் மேலே மலையில் பெய்த மழை. கீழே நிற்பவருக்கு அது தெரியாது. 2011 கிறிஸ்துமஸ் நாள், பழவேற்காடு. படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். பூநாரைகள் வருகிற அழகான மாதம்தான், ஆனால் ஆளுக்கொரு மிதவை உடுப்பு இல்லாத படகில் ஏற எந்த மாதமும் நல்ல மாதம் இல்லை. குழந்தை அடம் பிடித்தாலும் ஏறாதீர்கள். படகுக்காரர் கோபித்தாலும் ஏறாதீர்கள்.

இப்போது தமிழ்நாடே செய்கிற ஒரு காரியத்தைப் பற்றி. மே மாதம் வந்தால் மொத்தப் பேரும் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் கிளம்புகிறோம். கூட்டம் தாங்காமல் சென்னை உயர் நீதிமன்றமே தலையிட்டு, 2024 மே 7 முதல் இ-பாஸ் வாங்கித்தான் வண்டி ஏற வேண்டும் என்று ஆனது. அதற்கடுத்த வருஷம் ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான் என்று எண்ணிக்கையும் வைத்தார்கள். இதற்குப் பிறகும் மலைப்பாதையில் பிள்ளைகளை வாந்தி எடுக்க வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் வரிசையில் நிற்பது எனக்கு உல்லாசமாகப் படவில்லை. உங்களுக்குப் படுகிறதென்றால் போய் வாருங்கள், நான் குறுக்கே நிற்கமாட்டேன். ஆனால் அந்த மே மாதத்து ராத்திரியில் உங்கள் மொட்டைமாடி சும்மா இருக்கிறது. பத்து மணிக்கு மேல் தென்கிழக்கே பார்த்தால் விருச்சிகம் வால் சுருட்டிக் கிடக்கும். நடுவில் சிவப்பாக ஒரு நட்சத்திரம், அது கேட்டை. பாய் விரியுங்கள், தண்ணீர் தெளியுங்கள், தயிர்சாதத்தைப் பிசைந்து உருட்டிக் கையில் போடுங்கள். செலவு என்ன? ஒரு மாவடு.

செலவு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். "கார் இல்லையே" என்று யாரும் சொல்லக் கூடாது. நான் சொன்ன ஏரிகளுக்கு எல்லாம் பேருந்து போகிறது, மற்றவற்றுக்கு சைக்கிள் போகும். இன்னொன்று, தாய்மார்கள் சார்பில். ஞாயிற்றுக்கிழமை உல்லாசம் என்றால் அம்மா நாலு மணிக்கு எழுந்து புளிக்காய்ச்சல் கிளற வேண்டும், கட்ட வேண்டும், பரிமாற வேண்டும், வந்து பாத்திரம் கழுவ வேண்டும். பிள்ளைகள் நாரையைப் பார்க்கும்போது அவர் பையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இது யாருக்கு விடுமுறை? அப்பாக்களே, அன்றைக்கு நாலு மணிக்கு நீங்கள் எழுந்திருங்கள். புளிசாதம் வராவிட்டால் பிரெட்டும் ஜாமும் போதும். பைனாகுலர் முதலில் அம்மா கைக்குப் போகட்டும்.

பள்ளிக்கூடத்து ஆசிரியர்களும் வந்திருக்கிறீர்கள். பிள்ளை ஏரிக்குப் போய் வந்தது தெரிந்தால் தயவுசெய்து கட்டுரை எழுதச் சொல்லாதீர்கள். "நான் கண்ட ஏரி" என்று இருபது வரி எழுதவேண்டும் என்று தெரிந்தால் அடுத்த முறை அவன் ஏரிப் பக்கமே வரமாட்டான்.

கடைசியாக, இந்த மாதத்து வேலை. இது புரட்டாசி. இன்னும் சில வாரத்தில் மழை பிடித்துக்கொள்ளும். பிறகு ஏரி நிரம்பும், கலங்கல் வழியும், சனங்கள் வலையும் கூடையுமாகக் கெண்டையும் கெளுத்தியும் பிடிக்க இறங்குவார்கள், உங்கள் பிள்ளையும் இறங்க ஆசைப்படுவான். ஏரிக்குள் மண் எடுத்த பள்ளங்கள் இருக்கின்றன, ஆள் உயரம், சில இடத்தில் ரெண்டு ஆள் உயரம். தண்ணீர் நிரம்பிவிட்டால் எது பள்ளம், எது மேடு என்று மேலிருந்து தெரியாது. வருஷா வருஷம் மழைக்காலத்தில் பிள்ளைகள் மூழ்கிய செய்தி வருவது பல நேரம் அந்தப் பள்ளங்களால்தான்.

ஆகவே வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை, வெயில் ஏறுவதற்குள், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு உங்கள் ஊர் ஏரிக்குள் இறங்கி நடந்து பாருங்கள். பள்ளம் எங்கெங்கே இருக்கிறது என்று அவனைவிட்டே ஒரு தாளில் வரையச் சொல்லுங்கள். ஆழமான பள்ளம் இருந்தால் அந்தத் தாளை ஊராட்சித் தலைவரிடம் கொண்டுபோய்க் கொடுத்து, எச்சரிக்கைப் பலகை வைக்கச் சொல்லிக் கேளுங்கள். மழைக்கு முன்னால் இது நடக்க வேண்டும்.